சிறிய டிராக்டரில் கனமான உருளைக் கட்டுகளை எடுத்துச் செல்வது எப்படி

இயந்திரம் உருட்டிக் கட்டிய உலர்புல் கட்டோ வைக்கோல் கட்டோ வயலில் கிடக்கும்போது பார்ப்பதற்குச் சாதுவாகத்தான் இருக்கும். முப்பது, நாற்பது குதிரைத்திறன் கொண்ட சிறிய டிராக்டரின் பின்னால் ஈட்டியை மாட்டிக் குத்தி, ஹைட்ராலிக் லிவரை இழுத்தால் அது எழுந்தும் விடும். எழுந்துவிட்டதே என்று நம்பிக் கிளம்புவதில்தான் ஆபத்து இருக்கிறது. கட்டைத் தூக்குவது பம்பின் அழுத்தம். தூக்கியதைச் சுமந்து கொண்டு மேட்டில் ஏறுவதும், பள்ளத்தில் இறங்குவதும், திரும்புவதும், நிற்பதும் டிராக்டரின் சொந்த எடையையும், அச்சுகளுக்கு இடையிலுள்ள நீளத்தையும், சக்கரங்களின் அகலத்தையும், பிரேக்கையும் நம்பியிருக்கின்றன. பெரும்பாலான சிறிய டிராக்டர்களில் பம்பின் வலிமை மற்ற நான்கையும் விட அதிகம். ஆகவே தூக்க முடிகிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, சுமக்க முடியுமா என்று கணக்குப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

எடையைக் கண்டறிதல்

கட்டின் எடையைக் கண்ணால் மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள், ஏனென்றால் உருண்டை வடிவம் கண்ணை ஏமாற்றும். ஓர் அளவு நாடா இருந்தால் போதும். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, அதை 0.785 ஆல் பெருக்கி, பிறகு கட்டின் அகலத்தால் பெருக்கினால் கன அளவு கிடைக்கும். நன்கு காய்ந்த புல் கட்டில் ஒரு கன மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 1.2 மீட்டர் விட்டமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள கட்டு 200 முதல் 270 கிலோ வரை இருக்கும். அதே அகலத்தில் விட்டம் மட்டும் 1.5 மீட்டர் ஆனால் எடை 320 முதல் 420 கிலோ வரை போய்விடும். 1.8 மீட்டர் விட்டமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ள பெரிய கட்டு 570 முதல் 760 கிலோ வரை வரும், அது சிறிய டிராக்டருக்கான சரக்கே இல்லை. விட்டம் கால் பங்கு கூடினால் எடை பாதிக்கு மேல் கூடிவிடுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், "கொஞ்சம்தானே பெரிதாக இருக்கிறது" என்ற எண்ணமே வராது.

இவை காய்ந்த கட்டுக்கான கணக்குகள். மழையில் நனைந்து, அடிப்பக்கம் தரையின் ஈரத்தை வாரக்கணக்கில் உறிஞ்சிக் கிடந்த கட்டு எவ்வளவு கனக்கும் என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது. ஈரத்தோடு உருட்டிப் பிளாஸ்டிக் உறை சுற்றிய ஊறுபுல் கட்டு, அதே அளவுள்ள உலர்புல் கட்டைப் போல இரண்டு மடங்கு கூட இருக்கலாம். ஐயம் இருந்தால், நான்கைந்து கட்டுகளை ஏற்றிய டிரெய்லரை லாரி எடைமேடையில் நிறுத்தி எடை பார்த்து, வெறும் டிரெய்லரின் எடையைக் கழித்து வகுத்துக்கொள்வதே உறுதியான வழி. ஓர் அறுவடைக்கு ஒரு முறை செய்தால் போதும்.

அடுத்து டிராக்டரின் கையேட்டைப் பார்க்க வேண்டும். பின்பக்க மும்முனை இணைப்பின் (கீழே இரண்டு கைகள், மேலே ஓர் இணைப்பு என மூன்று இடங்களில் கருவியை மாட்டும் அமைப்பு) தூக்குதிறனைப் பொதுவாக இரண்டு இடங்களில் அளந்து கொடுப்பார்கள்: கீழ்க் கைகளின் நுனியில் ஒன்று, நுனியிலிருந்து 610 மில்லிமீட்டர் பின்னால் இன்னொன்று. விற்பவர் பெருமையாகச் சொல்லும் எண் முதலாவது, நமக்கு வேண்டியதோ இரண்டாவது. உண்மையில் அதுவும் போதாது. ஈட்டியின் சட்டத்துக்கு 15 சென்டிமீட்டர், 1.2 மீட்டர் அகலக் கட்டில் பாதியான 60 சென்டிமீட்டர் என்று சேர்த்தால், கட்டின் எடை மையம் கைகளின் நுனியிலிருந்து 75 சென்டிமீட்டர் பின்னால் போய்விடுகிறது. டிராக்டரின் முன்னால் பொருத்தும் தூக்குக் கைகளான முன்பக்க லோடரின் கதையும் இதுதான். லோடர் கைகளின் நுனியில் பக்கெட்டை மாட்டும் ஊசிப் பிணைப்பில் அளந்த தூக்குதிறன், அதற்கு முக்கால் மீட்டர் முன்னால் தொங்கும் கட்டுக்குப் பொருந்தாது.

பின்னால் சுமப்பதா, முன்னால் சுமப்பதா

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்தக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். 1300 கிலோ எடையும் அச்சுகளுக்கிடையே 1.6 மீட்டர் நீளமும் உள்ள ஒரு டிராக்டரை எடுத்துக்கொள்வோம். அதன் முன் அச்சில் 520 கிலோவும் பின் அச்சில் 780 கிலோவும் இருக்கின்றன. பின்னால் 350 கிலோ கட்டும் 50 கிலோ ஈட்டிச் சட்டமும் சேர்ந்து 400 கிலோ, பின் அச்சிலிருந்து 1.4 மீட்டர் தள்ளித் தொங்குகிறது என்றால், முன் அச்சிலிருந்து 350 கிலோ பறந்துவிடும் (400 ஐ 1.4 ஆல் பெருக்கி 1.6 ஆல் வகுத்தால் வருவது அது). மீதி 170 கிலோதான். டிராக்டரின் சொந்த எடையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருந்தால்தான் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்கும் என்பது உற்பத்தியாளர்களின் கையேடுகள் பொதுவாகத் தரும் விதி. இங்கே அது 260 கிலோ. முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் 100 கிலோ எடைக்கட்டைகளை மாட்டினால் முன் அச்சுக்கு 130 கிலோ போல் திரும்பக் கிடைத்து, மொத்தம் 300 ஆகிவிடும். ஆகவே அந்த எடைக்கட்டைகள் இல்லாமல் அந்தக் கட்டைத் தொடவே கூடாது. கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்கள், கட்டைத் தூக்கிய நிலையில் முன் சக்கரங்களை மட்டும் எடைமேடையில் ஏற்றி நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

அதே 400 கிலோவை முன்பக்க லோடரில், முன் அச்சிலிருந்து 1.7 மீட்டர் தள்ளிப் பிடித்தால் நிலைமை இன்னும் மோசம். பின் அச்சிலிருந்து 425 கிலோ குறைந்து 355 கிலோதான் மிஞ்சும். முன் அச்சில் 1345 கிலோ ஏறும். அதாவது டிராக்டரின் முழு எடைக்கும் மேலான சுமையை, சிறியதான அந்த முன் அச்சும் அதன் மெல்லிய டயர்களும் தாங்க வேண்டும். லோடரின் எடையை இதில் இன்னும் சேர்க்கவே இல்லை. பெரும்பாலான சிறிய டிராக்டர்களுக்குப் பிரேக் பின் சக்கரங்களில் மட்டுமே உண்டு என்பதால், பின்பக்கம் இலேசானால் பிரேக்கும் இலேசாகிவிடும். இதற்கு மாற்று, பின் இணைப்பில் எதிர் எடை தொங்கவிடுவது. பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் 300 கிலோ எடைப் பெட்டி ஒன்று தொங்கினால், பின் அச்சின் சுமை 880 கிலோவாகக் கூடும், முன் அச்சின் சுமை 1120 கிலோவாகக் குறையும். பின் டயர்களில் தண்ணீர் நிரப்புவதும் நல்லதுதான், எடை தாழ்வாக இருப்பதால் பக்கவாட்டில் கவிழ்வதையும் அது குறைக்கும். ஆனால் அந்த எடை பின் அச்சின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் முன் அச்சின் சுமையில் ஒரு கிலோவைக் கூடக் குறைக்காது. இந்த வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை.

என் கருத்தில், சிறிய டிராக்டர் வைத்திருப்பவர்கள் கட்டைத் தூரம் கொண்டுபோகப் பின்பக்க ஈட்டியையே பயன்படுத்த வேண்டும். முன்னால் பார்வை மறையாது, கட்டு ஓட்டுநரின் தலைக்கு மேலே போகாது, பிரேக் உள்ள சக்கரங்களின் மேல் எடை இருக்கும். லோடர், டிரெய்லரில் ஏற்றி இறக்குவது போன்ற பத்தடி வேலைகளுக்கு மட்டும் இருக்கட்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு கட்டுகளை மாட்டினால் சமநிலை கிடைத்துவிடும் என்று சிலர் சொல்வது கணக்கில் சரிதான். ஆனால் மொத்த எடையைத் தாங்க வேண்டிய டயரும் பிரேக்கும் அதே பழையவைதான். தவிர, போய்ச் சேர்ந்ததும் மறதியில் பின் கட்டை முதலில் இறக்கினால், முன் கட்டு டிராக்டரை மூக்குக் குப்புறச் சாய்க்கும். பெரிய டிராக்டரில் அப்படிச் செய்கிறவர்கள் முன் கட்டைத்தான் முதலில் இறக்குவார்கள்.

ஈட்டியும் பிற கருவிகளும்

ஈட்டி என்பது நுனி கூராகக் காய்ச்சி அடித்த, ஒரு மீட்டர் முதல் ஒன்றேகால் மீட்டர் வரை நீளமுள்ள எஃகுத் தண்டு. அதன் கீழே இருபுறமும் இரண்டு குட்டை முட்கள் இருக்க வேண்டும். அவை எடையைத் தாங்குவதற்கு அல்ல, கட்டு ஈட்டியைச் சுற்றிச் சுழன்றுவிடாமல் பிடிப்பதற்கு. பழைய இரும்புக் கம்பியைக் கூராக்கி வெல்டிங் வைத்துச் செய்த ஈட்டியை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் வெல்டிங் ஓரத்தில்தான் ஒடியும், ஒடியும் முன் எந்த எச்சரிக்கையும் தராது. ஈட்டியின் மேல் பொறித்திருக்கும் தாங்குதிறனைப் பார்த்து, அடிப்பக்க நட்டு இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும்.

லோடரின் வெறும் பக்கெட்டில் கட்டை வாரித் தூக்குவதைப் பற்றி ஒரே வரியில் சொல்கிறேன்: செய்யக் கூடாது. லோடர் உயர உயரப் பக்கெட் தானாகவே பின்னோக்கிச் சாயும். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் கட்டு பக்கெட்டின் விளிம்பைத் தாண்டி, லோடர் கைகள் இரண்டையும் தண்டவாளம் போலாக்கிக்கொண்டு நேராக ஓட்டுநரின் மடிக்கு உருண்டு வரும். கவிழும்போது காக்கும் ரோல் பார் அந்த நேரத்தில் பயன்படாது, ஏனென்றால் கட்டு வருவது முன்னாலிருந்து. லோடரில் கட்டைத் தூக்க ஈட்டியோ, கட்டை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கவ்வியோ வேண்டும். பிளாஸ்டிக் உறை சுற்றிய ஊறுபுல் கட்டுக்குக் கவ்விதான் ஏற்றது, ஈட்டி போட்ட ஓட்டை வழியே காற்றுப் போய்ப் புல் பூஞ்சை பிடித்துவிடும்.

பின்பக்க இணைப்பில் ஈட்டியை மாட்டும்போது இரண்டு திருத்தங்களைத் தவறாமல் செய்ய வேண்டும். கீழ்க் கைகளின் பக்கச் சங்கிலிகளை இறுக்கினால்தான் கட்டு நடையில் இடமும் வலமும் ஆடாது. மேல் இணைப்பின் திருகைச் சுருக்கி, தூக்கிய நிலையில் ஈட்டியின் நுனி சற்றே மேல்நோக்கி இருக்கும்படி வைத்தால் கட்டு வழுகி வெளியே வராது. இதோடு, டயர்களின் காற்றழுத்தம் இருபுறமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம், ஒரு பக்கம் காற்றுக் குறைவான டிராக்டர் கிளம்பும் முன்பே சாய்ந்து நிற்கும். தனித்தனியாக இயங்கும் இரண்டு பிரேக் பெடல்களையும் கொக்கி போட்டு ஒன்றாக்கிவிட வேண்டும். ரோல் பாரை நிமிர்த்தி நிறுத்தி, சீட் பெல்ட்டைப் போட வேண்டும். ரோல் பார் இல்லாத அல்லது மடக்கி வைத்த டிராக்டரில் மட்டும் பெல்ட் போடக் கூடாது, கவிழும் டிராக்டரோடு அது ஆளைச் சேர்த்துக் கட்டிவிடும்.

கட்டை எடுக்கும் முறை

முதலில் டிராக்டரை நிறுத்திவிட்டுக் கட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து வாருங்கள். வலையோ கயிறோ அறுந்திருக்கிறதா, அடிப்பக்கம் மக்கித் தரையோடு ஒட்டியிருக்கிறதா, சக்கரம் போகும் வழியில் குழியோ எலி வளையோ கல்லோ இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கட்டுக்குள் கையை நுழைத்துப் பார்த்துச் சூடாக இருந்தாலோ, புகையிலை அல்லது கருகிய வெல்லம் போன்ற வாசனை வந்தாலோ, அதைத் தொடாமல் விலகிவிட வேண்டும். ஈரத்தோடு கட்டிய கட்டு உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும். உள்வெப்பம் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே ஆபத்து, 80 டிகிரியை நெருங்கினால் உள்ளே கனல் இருக்கக்கூடும். அதைக் குத்திக் கிளறினால் காற்றுப் புகுந்து டிராக்டரின் மேலேயே பற்றிக்கொள்ளும். அப்படிப்பட்ட கட்டை நகர்த்துவது தீயணைப்புத் துறையினரின் முன்னிலையில் நடக்க வேண்டிய வேலை.

ஈட்டியைக் குத்த வேண்டியது கட்டின் தட்டையான முகத்தில், சுருளின் நடுப்புள்ளியில். நடுவை விட ஒரு கையகலம் மேலே போனாலும் பரவாயில்லை, கீழே போகக் கூடாது. கீழே குத்தினால் எடை முழுவதும் ஈட்டிக்கு மேலே நின்றுகொண்டு, புரளுவதற்கு வாய்ப்புத் தேடிக்கொண்டிருக்கும். முகத்துக்குச் செங்குத்தாக, மிகத் தாழ்ந்த கியரில் பின்னோக்கி வர வேண்டும். முதலில் நுனி வலையைத் துளைத்துப் புகும், பிறகு உலர்ந்த புல் உரசும் நெறுநெறுவென்ற ஓசை வரும், கடைசியில் சட்டம் கட்டின் முகத்தில் மெத்தென்று முட்டி நிற்கும். அந்த முட்டல் வரும்வரை ஈட்டி முழுமையாக இறங்கவில்லை என்று பொருள். பாதி இறங்கிய ஈட்டியில் தூக்கினால் எடை மையம் இன்னும் பின்னால் போய், மேலே போட்ட கணக்கெல்லாம் வீணாகிவிடும். கட்டு குத்துவாங்காமல் பின்னால் தள்ளிக்கொண்டே போனால் வேகத்தைக் கூட்டி இடிக்க வேண்டாம். வேறு கோணத்திலிருந்தோ, மறுமுகத்திலிருந்தோ முயன்று பாருங்கள். பெல்ட்டுகளால் உருட்டும் இயந்திரம் போட்ட கட்டின் நடுப்பகுதி கெட்டியாக இருக்கும், நிலையான அறையில் உருட்டும் இயந்திரம் போட்ட கட்டின் நடுப்பகுதி தளர்வாக இருக்கும். தளர்ந்த நடுவில் ஈட்டி எளிதாகப் போய்விடும், ஆனால் தூக்கும்போது கட்டு கீழ்நோக்கித் தொங்கும்.

தூக்குவதற்கு அவசரம் வேண்டாம். தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, லிவரை விட்டுவிட்டுப் பத்து வினாடி காத்திருந்தால் பல விஷயங்கள் தெரிந்துவிடும். கட்டு தானாக இறங்குகிறதா? ஒரு பக்கம் சாய்கிறதா? முன் டயர்களின் அடிப்பக்கம் தட்டையாகத் தரையில் பதிந்திருக்கிறதா, உருண்டையாக எழும்பி நிற்கிறதா? பிறகு ஒரு மீட்டர் தூரம் மெல்ல நகர்ந்து, ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பி, பிரேக் போட்டுப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் வழக்கத்தை விட இலேசாக, விரலால் சுழற்றக்கூடிய அளவில் வந்தால் அதில் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. கட்டை இறக்கி, முன் எடையைக் கூட்டிவிட்டு மீண்டும் பாருங்கள். திரும்புவதற்கு ஒரு பக்கப் பிரேக்கின் உதவி தேவைப்படுகிறது என்றால், அந்தக் கட்டு அந்த டிராக்டருக்கு உரியதில்லை.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைக்குரியது அல்ல. முதல் நாள் இரவு பெய்த மழையைக் கணக்கில் சேர்க்காமல் வழக்கமான கட்டு என்று நினைத்துத் தூக்கி, வயலிலிருந்து பாதைக்கு ஏறும் சிறு மேட்டில் முன்னோக்கி ஏறினேன். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினேன், டிராக்டர் நேராகவே போனது. குனிந்து பார்த்தபோது முன் சக்கரங்கள் இரண்டும் இடப்பக்கம் திரும்பியபடி, தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் காற்றில் நின்றன. க்ளட்சை மிதித்து லிவரை இறக்கியதும் கட்டு தரையில் ஊன்றி, முன்பக்கம் தடாலென்று இறங்கியது. கட்டைத் தாழ்வாகப் பிடித்திருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. முன் சக்கரம் எழுந்ததிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை வினாடிக்குள் டிராக்டர் முழுவதுமாகப் பின்னால் மல்லாந்துவிடும், முக்கால் வினாடி கடந்துவிட்டால் அதை யாராலும் மீட்க முடியாது. தாழ்வாக இருக்கும் கட்டு அதற்கு முன்பே தரையில் முட்டித் தடுத்துவிடும், உயரத்தில் இருக்கும் கட்டு அந்த உதவியைச் செய்யாது.

சரிவில் செல்லுதல்

சமதரையில் கட்டின் அடி தரையிலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும், வேகம் ஒருவர் நடக்கும் வேகத்தைத் தாண்ட வேண்டாம். திரும்பும்போது வெளிப்பக்கம் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவிசை நான்கு மடங்காகும். டிராக்டருக்கு நான்கு சக்கரங்கள் இருந்தாலும் அது நிற்பது ஒரு முக்கோணத்தின் மேல்தான். முன் அச்சு நடுவிலுள்ள ஒரு முளையில் ஆடும்படி அமைந்திருப்பதால், இரண்டு பின் சக்கரங்களும் அந்த முளையும்தான் அதன் மூன்று மூலைகள். எடை மையம் அந்த முக்கோணத்தை விட்டு வெளியே போனால் டிராக்டர் கவிழும். கட்டை உயர்த்துவது எடை மையத்தை உயர்த்துகிறது, அதன் பிறகு சிறு குழி போதும். பின் சக்கரங்களின் இடைவெளியைக் கூட்டக்கூடிய டிராக்டராக இருந்தால், கட்டு எடுக்கும் பருவத்தில் கூட்டி வைப்பது நல்லது.

சரிவில் நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்று: கனமான பக்கம் எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். பின்னால் கட்டு இருந்தால் மேட்டில் பின்னோக்கி ஏற வேண்டும், முன்னோக்கி இறங்க வேண்டும். லோடரில் கட்டு இருந்தால் முன்னோக்கி ஏறி, பின்னோக்கி இறங்க வேண்டும். பின்னோக்கி ஏறுவது கழுத்தை வலிக்கச் செய்யும், நேரமும் பிடிக்கும். வேறு வழி இருந்தால் சுற்றிப் போவதே நல்லது. சரிவுக்குக் குறுக்காகப் போவதைத் தவிர்க்க வேண்டும், தவிர்க்கவே முடியாவிட்டால் கட்டைத் தரையை ஒட்டித் தாழ்த்தி, இறக்கப் பக்கமாக மட்டுமே திரும்ப வேண்டும். இறக்கத்துக்கு வருமுன்பே தாழ்ந்த கியரைப் போட்டுவிட வேண்டும், பாதி இறக்கத்தில் க்ளட்சை மிதித்தால் கட்டும் டிராக்டரும் சேர்ந்து ஆளை இழுத்துக்கொண்டு போகும். நான்கு சக்கர இயக்கம் உள்ள டிராக்டரில் அதை இறக்கத்திலும் போட்டு வைக்க வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் முன் சக்கரங்களும் வேகத்தைப் பிடித்துக்கொள்ள உதவும்.

சரிவில் கிடக்கும் கட்டை எடுப்பது, அதைச் சுமப்பதை விடவும் கவலை தரும் வேலை. ஈட்டி முட்டும்போது கட்டு சற்றுப் புரண்டு, அதுவரை அதை நிறுத்தி வைத்திருந்த சிறு பள்ளத்திலிருந்து வெளியே வந்துவிடும். உருளத் தொடங்கிய கட்டை நிறுத்த எந்த மனிதராலும் முடியாது. 2010 செப்டம்பரில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், எலெக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா இசைக்குழுவின் முன்னாள் செல்லோ கலைஞர் மைக் எட்வர்ட்ஸ் சாலையில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தபோது, சரிவான வயலிலிருந்து உருண்டு வந்த 600 கிலோ அளவுள்ள கட்டு ஒன்று வேனின் மேல் விழுந்து இறந்தார். அவருக்கும் அந்தக் கட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, அந்த வழியாகப் போனார், அவ்வளவுதான். எனவே சரிவில் வேலை செய்யும்போது கட்டுக்குக் கீழ்ப்பக்கம் ஆளோ மாடோ வண்டியோ சாலையோ இருக்கிறதா என்று பார்க்காமல் ஈட்டியைக் கொண்டுபோகக் கூடாது. கட்டுவதற்கு முன்பே யோசிக்க முடிந்தால், கட்டின் தட்டை முகம் சரிவை நோக்கி இருக்கும்படி இயந்திரத்தைத் திருப்பிப் போடச் சொல்வது பாதி வேலையை முடித்துவிடும்.

கட்டைச் சங்கிலி கட்டி இழுப்பவர்கள், சங்கிலியை இழுவைக் கம்பியில் மட்டுமே மாட்ட வேண்டும். மேல் இணைப்பிலோ, இருக்கைக்குக் கீழுள்ள ஏதாவது ஒரு வளையத்திலோ மாட்டி இழுத்தால், கட்டு எங்காவது சிக்கும் கணத்தில் முன் சக்கரம் வானத்தைப் பார்க்கும்.

இறக்கி வைத்தல்

இறக்கும் இடம் சமமாக இருக்க வேண்டும். சற்றே சரிந்த இடமென்றால் தட்டை முகம் சரிவை நோக்கியபடி வைத்து, உருளும் பக்கங்களில் கல்லோ மரக்கட்டையோ அண்டை கொடுக்க வேண்டும். கட்டு தரையில் உட்கார்ந்து ஈட்டியின் மேல் எடை இல்லாமல் போனதும், ஈட்டியைக் கட்டின் துளைக்கு நேராகச் சமன் செய்துவிட்டு முன்னோக்கி நகர வேண்டும். ஈட்டி கோணலாக இருந்தால் கட்டும் கூடவே இழுபட்டு வரும். அப்போது கீழே இறங்கிப் போய்க் கட்டைக் காலால் உதைத்துக் கழற்றப் பார்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். எஞ்சினை அணைக்காமல், கட்டுக்கும் டிராக்டருக்கும் நடுவில் யாரும் போகக் கூடாது.

சிறிய டிராக்டரில் அடுக்கு வைக்காதீர்கள். ஒற்றை வரிசையே போதும். இரண்டாவது அடுக்குக்குக் கட்டை உயர்த்த வேண்டும், உயர்த்தினால் மேலே சொன்ன எல்லா ஆபத்துகளும் ஒரே நேரத்தில் வந்து சேரும், போதாததற்கு மின்கம்பியும் அங்கேதான் இருக்கும். இடமில்லாமல் அடுக்கியே ஆக வேண்டும் என்பவர்கள், அந்த வேலைக்கு மட்டும் பெரிய லோடரை வாடகைக்கு எடுக்கலாம்.

வேலை முடிந்ததும் ஈட்டியைத் தரையில் படும்படி இறக்கி, நுனிக்கு உறை போட்டோ, ஈட்டியையே கழற்றியோ வைக்க வேண்டும். அந்தி மங்கலில் நெஞ்சு உயரத்தில் ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் கூரிய இரும்பு எதிரில் வருகிறவர் கண்ணுக்குத் தெரியாது. ஈட்டி நீட்டியபடி சாலையில் ஓட்டவும் கூடாது.

டிராக்டருக்கு மீறிய கட்டு என்றால்

கணக்கு ஒத்துவரவில்லை என்றால் வேறு வழிகள் இருக்கின்றன. ஒரே கட்டை ஏற்றும் இரு சக்கர வண்டிகள் கிடைக்கின்றன. நெம்புகோல் போல் இயங்கும் அவற்றின் சொந்தச் சக்கரங்களே கட்டின் எடையைத் தாங்கிக்கொள்வதால், டிராக்டர் இழுத்தால் மட்டும் போதும், முன் சக்கரம் எழும் பேச்சே இல்லை. மாட்டுக்குப் போடத்தான் கட்டு தேவை என்றால், சமதரையில் வலையை அறுத்துவிட்டு, கிடந்த இடத்திலேயே அடுக்கடுக்காக உரித்து, கவைக்கோலால் டிரெய்லரில் வாரிக்கொண்டு போகலாம். சிறு பண்ணைக்கு அது ஒரு மணி நேர வேலைதான். எல்லாவற்றையும் விட மலிவான வழி, கட்டும் இயந்திரக்காரர் வயலுக்குள் நுழையும்போதே, விட்டத்தை 1.5 மீட்டருக்குப் பதிலாக 1.2 மீட்டரில் நிறுத்தச் சொல்வது. கட்டுகளின் எண்ணிக்கை கூடும், வலைக்கும் கூலிக்கும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். ஆனால் ஒவ்வொரு கட்டிலும் நூறு கிலோவுக்கு மேல் குறைந்துவிடும்.